பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுதல்: எப்போது தொடங்கலாம், எப்படி முடிவெடுப்பது?

மெரினா மணலில் பலூன் சுடும் கடை இல்லாத மாலை கிடையாது. மரச்சட்டத்தில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், பிடி தேய்ந்துபோன ஒரு ஏர் கன். கடைக்காரர் குழலை மடக்கி, ஒரு பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) இட்டு, நிமிர்த்திப் பிள்ளையின் கையில் தருவார். எட்டு வயதுக் குழந்தைக்கு அதைத் தூக்கவே முடியாது. கூட வந்த பெரியவர் அடியில் கை கொடுப்பார். ஒரு பலூன் வெடித்தால் போதும், வீடு திரும்பும் பஸ்ஸிலேயே பேச்சு தொடங்கிவிடும்: "அம்மா, நான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளட்டுமா?"

என் மகள் கேட்டபோது அவளுக்கு 9 வயது. 11 வயதில் சேர்த்தேன். அவளுக்கு மூன்று வயது இளையவனான மகன் அக்காவைப் பார்த்துவிட்டு 10 வயதில் கேட்டான். அவனை 14 வரை காத்திருக்க வைத்தேன். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, இரண்டு முடிவுகள். உறவினர் பலரும் இதை ஓரவஞ்சனை என்றார்கள். சுடுதளத்தின் பின்வரிசை நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பல பிள்ளைகளைப் பார்த்த பிறகும், அந்த இரண்டு முடிவுகளும் சரி என்றே நினைக்கிறேன். ஏன் என்பதையும், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எப்படி முடிவெடுக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எதைக் கற்கப்போகிறது பிள்ளை?

நம் ஊரில் பிள்ளைகள் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டல். அழுத்திய காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்டைச் செலுத்தும் கருவி. ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அளவுதான். பிஸ்டலுக்கு 11.5 மில்லிமீட்டர். அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று தொட வேண்டும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த ஏர் ரைஃபிளில்தான். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலங்களும் ஏர் பிஸ்டலில் வந்தவை. 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த விளையாட்டின் கதவு திறந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

'காற்றுத் துப்பாக்கிதானே' என்ற அலட்சியம் வேண்டாம். போட்டி ரைஃபிளிலிருந்து பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்டதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. காக்கையையும் புறாவையும் சுட்டுப் பழகட்டும் என்று மொட்டை மாடியில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, உயிருள்ளதை நோக்கிக் குழலைத் திருப்பலாம் என்று பிள்ளை பழகிவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம்.

வெடிமருந்தால் இயங்கும் .22 ரைஃபிள் (.22 அங்குலக் குழல் கொண்டது) அடுத்த கட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஆயுதம் வைத்திருக்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அந்தப் பயிற்சிக்கான கீழ்வயதை 12 என்று வைக்கின்றன, அதுவும் பெரியவரின் நேரடிக் கண்காணிப்பில். துப்பாக்கிக் கழகங்களுக்கு நீண்ட மரபுள்ள ஜெர்மனியிலும் ஏர் ரைஃபிளுக்குப் பொதுவாக 12 வயது, .22க்கு 14 வயது என்றே சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைந்த வயதினர் அங்கே ஒளிக்கற்றையால் சுடும் கருவியில் பழகுகிறார்கள். இந்த எண்கள் எல்லாம் கீழ்வரம்புகள். பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்று பிள்ளைக்குள் எதுவும் மாறிவிடுவதில்லை.

இரண்டாவது: சொன்னவுடன் நிற்கிறதா?

மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். சுடுதளத்தில் 'ஸ்டாப்' என்ற சொல் விழுந்தால், விசையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் விரல் அந்த நொடியே வெளியே வர வேண்டும். ஒரு நல்ல குறி கைகூடி, மூச்சு அடங்கி, இதோ என்று இருக்கும் கணத்தில்தான் அந்தச் சொல் வரும். யாரோ ஒருவர் கோட்டைத் தாண்டியிருப்பார். அப்போது 'இந்த ஒன்றை மட்டும் சுட்டுவிடுகிறேன்' என்று நினைக்கும் பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இன்னும் தயாராகவில்லை.

இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. என் மகன் தெருவில் கிரிக்கெட் ஆடுவான். "வண்டி வருது" என்று எல்லோரும் கத்துவார்கள். மற்ற பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். இவன் ஓடிவந்த வேகத்தில் பந்தை வீசிவிடுவான். ஸ்கூட்டரில் வந்தவர் ஒருமுறை தலையைக் குனிந்து தப்பித்தார். கேட்டால், "கை போயிடுச்சும்மா" என்பான். பொய் இல்லை, உண்மையாகவே கை போய்விட்டது. அந்தக் கை அவன் சொன்ன பேச்சைக் கேட்கும்வரை நான் காத்திருந்தேன். 13 வயதின் பாதியில் ஒரு நாள், ஓடிவந்தவன் வண்டியைக் கண்டு பந்தைப் பிடித்தபடியே நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருமுறை போதாது. அடுத்த சில மாதங்கள் கவனித்தேன். பிறகுதான் சேர்த்தேன்.

உங்கள் வீட்டில் இதற்கு நூறு சந்தர்ப்பங்கள் உண்டு. கைபேசி விளையாட்டின் உச்சத்தில் "கீழே வை" என்றால் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது? நீச்சல் குளத்தில் விசில் ஊதினால் கரைக்கு வருகிறதா? தீபாவளிக்கு வெடிக்கு வத்தி வைக்கப் போகும்போது, "வைக்காதே, சிறு குழந்தை வருகிறது" என்றால் கை பின்வாங்குகிறதா? ஒரு மாதம் இதைக் குறித்து வையுங்கள், பிள்ளைக்குத் தெரியாமல். பத்தில் எட்டு முறை நின்றால் நல்ல பிள்ளை என்று மற்ற விஷயங்களில் மகிழலாம். இதில் பத்துக்குப் பத்து வேண்டும். சோர்ந்திருக்கும்போதும், தோற்றுக்கொண்டிருக்கும்போதும், நண்பர்கள் பார்க்கும்போதும்.

தீபாவளிக் கேப்புத் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வயதுப் பிள்ளை அதை நீட்டி 'டிஷ்யூம்' என்றால் கலங்க வேண்டாம், அது விளையாட்டு. ஆனால் 'இதை எப்போதும் ஆள் இல்லாத பக்கமே பிடிக்க வேண்டும், இந்த வாரம் முழுக்க' என்று ஒரு விதியை வைத்துப் பாருங்கள். பத்து, பதினொரு வயதில் அதைக் காப்பாற்றுகிற பிள்ளைக்குக் குழலின் திசை பற்றிய நினைவு மனதில் ஒட்டத் தொடங்கிவிட்டது. மறந்துவிட்டு, நினைவூட்டினால் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்கிற பிள்ளைக்கு இன்னும் ஓர் ஆண்டு போதும். சிரித்துக்கொண்டே தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டுகிற பிள்ளைக்கு எத்தனை ஆண்டு என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது: தவறைச் சொல்கிறதா?

இதைப் பலரும் பார்ப்பதில்லை. எனக்கு இது நிற்கும் திறனுக்கு அடுத்தபடி முக்கியமானது.

ஒரு சுடுதளத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் பெல்லட் இட்டு மூடும்போது விரல் தவறி விசையைத் தொட்டுவிட்டது. குழல் தரையைப் பார்த்திருந்ததால் விரிப்பில் ஒரு துளையோடு போயிற்று. பையன் வாயே திறக்கவில்லை. அடுத்த பெல்லட்டை இட்டுச் சுடத் தொடங்கிவிட்டான். பயிற்சியாளர் அரை மணி நேரம் கழித்து அந்தத் துளையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அவர் பையனைத் திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். பையன் பின்வரிசையில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பத்துக்குப் பதில் எட்டோ ஒன்பதோ புள்ளி விழும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து உச்சுக்கொட்டும் அப்பா அவர். எங்கள் எல்லோருக்கும் பதில் விளங்கிவிட்டது.

கண்ணாடி டம்ளர் உடைந்தால் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது? "அம்மா, நான்தான்" என்று வந்து நிற்கிறதா, துண்டுகளைக் குப்பையின் அடியில் புதைக்கிறதா? புதைத்தால், குறை பிள்ளையிடம் மட்டும் இருக்காது. டம்ளருக்கு அடி விழுந்த வீட்டில் பிள்ளை ஒளிக்கத்தான் கற்கும். சுடுதளத்துக்கு ஒளிக்கிற பிள்ளையும் ஆபத்து, ஒளிக்க வைக்கிற பெற்றோரும் ஆபத்து. முதலில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: தானாக வந்து சொன்ன தவறுக்குத் தண்டனை கிடையாது. அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ஆறு மாதம் மீறாமல் இருந்துவிட்டுப் பிறகு சுடுதளத்தைப் பற்றி யோசியுங்கள்.

நான்காவது: உடம்பு

போட்டி ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகக் கூடாது என்பது விதி. பலவற்றின் எடை நான்கு கிலோவுக்கு மேல். நின்று சுடும்போது இடுப்பை முன்தள்ளி, மேலுடலைப் பின்சாய்த்துத் திருப்பி, அந்த எடையை எலும்புகளின்மேல் தாங்க வேண்டும். வளரும் முதுகுக்கு ஒரே பக்கம் சாய்ந்த இந்தச் சுமை நல்லதன்று. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குக் குழலைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்தோ, உட்கார வைத்தோ தொடங்குகிறார்கள். முதல் நாளே முழு எடையைக் கையில் கொடுத்து நிற்க வைக்கும் இடத்திலிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். பிஸ்டல் ஒரு கிலோ அளவுதான், ஆனால் ஒற்றைக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், தோள் சீக்கிரம் தளரும். மேலும், குட்டையான குழல் மணிக்கட்டு அசைந்தாலே பக்கத்துத் தடத்தைப் பார்த்துவிடும். அதனால் சிறு பிள்ளைக்கு ரைஃபிளில் தொடங்குவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. முதுகுவலி என்று பிள்ளை சொன்னால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சியில் சேர்ப்பதற்கு முன்பே கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது இயல்பாக முந்தும் கண், என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு துளை விட்டு, அதன் வழியாகச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இடக்கைக்கென்றே பிடிகள் கிடைக்கின்றன.

ஐந்தாவது: பிள்ளை தயார், வீடு தயாரா?

இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். வீட்டில் குடித்துவிட்டு வரும் ஒருவர் இருக்கிறார், அடிதடி நடக்கிறது, அல்லது பிள்ளை நீண்ட நாட்களாக யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல், 'நான் இல்லாமல் போனால் என்ன' என்பதுபோலப் பேசுகிறது என்றால், துப்பாக்கி எந்த வடிவிலும் இப்போது வேண்டாம். முதலில் அந்தத் துயரத்தைக் கவனியுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒருமுகப்படுத்தும் விளையாட்டு மனதைச் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லாம் நன்றாக இருக்கும் வீட்டிலும், முதல் ஓர் ஆண்டுக்குச் சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டாம். கிளப் துப்பாக்கியில் பழகட்டும். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள்கள் லட்சங்களில் விலை போகின்றன. அவ்வளவு பணம் போட்ட பிறகு பிள்ளை "பிடிக்கவில்லை" என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது. பின்னால் வாங்கினால் துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் வேறொரு பூட்டில், சாவி பெரியவரிடம். பண்டிகைக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவது கிடையாது, தாத்தாவே கேட்டாலும். துப்பாக்கியின் காற்று உருளையில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். அதை நிரப்புவது பெரியவர் வேலை, காலாவதித் தேதி தாண்டியதைத் தொடவே கூடாது.

ஆறாவது: சுடுதளத்தைப் போய்ப் பாருங்கள், பிள்ளை இல்லாமல்

சேர்ப்பதற்கு முன் குறைந்தது இரண்டு முறை தனியாகப் போங்கள். ஒன்று, கூட்டம் அதிகமுள்ள விடுமுறை நாளாக இருக்கட்டும். ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். இலக்குப் பக்கம் ஒருவர் போவதற்கு முன் எல்லாத் துப்பாக்கிகளும் கீழே வைக்கப்படுகின்றனவா? குழலுக்குள் பெல்லட் இல்லை என்று காட்டும் நிறக் கயிறு ஒவ்வொன்றிலும் தெரிகிறதா? 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்' என்ற கட்டளைகளை ஒருவர் மட்டும் சொல்கிறாரா, ஆளுக்கொரு குரலா? தேநீர் டம்ளரோடு சுடும் கோட்டில் யாராவது நிற்கிறார்களா? போட்டிகளில் வென்ற மூத்த வீரர் விதியை மீறினால் அவரை யாராவது தடுக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் அந்த இடத்தின் குணத்தைக் காட்டிவிடும்.

பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை புதிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? நிலையைத் திருத்த இடுப்பையும் தோளையும் தொட வேண்டியிருக்கும். தொடுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்பீர்களா? பயிற்சி நேரம் முழுவதும் நான் உட்கார்ந்திருக்கலாமா? பெற்றோர் இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற இடம் நமக்கு வேண்டாம். நம் பேச்சு தொந்தரவு என்றால் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம், கண்ணை மூட வேண்டியதில்லை. 'இரண்டே ஆண்டில் தேசியப் போட்டி' என்று வாக்குக் கொடுப்பவரிடமும் சேர்க்காதீர்கள்.

ஏழாவது: முதல் வாரங்கள்

முதல் நாள் ஒரு பெல்லட்கூடச் சுடாமல் பிள்ளை வீடு திரும்பினால் சந்தோஷப்படுங்கள், நல்ல இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் பெல்லட் உள்ளதாகவே கருதப்படும். இந்த மூன்றையும் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்தால் போதாது, உங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் வேண்டுமென்றே தவறாகச் செய்து காட்டுங்கள். அம்மாவைத் திருத்தத் துணிகிற பிள்ளை நாளை பக்கத்துத் தடத்தில் நிற்கும் அண்ணனையும் தடுக்கும்.

அடுத்து வெறும் துப்பாக்கியில் குறிபார்த்தல், பிறகு ஸ்டாண்டில் வைத்துப் பத்து, இருபது பெல்லட். அரை மணி நேரம் போதும். பெரியவர்கள் போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுடுவது உண்மைதான், பிள்ளைக்கு அந்தக் கணக்கு இப்போது வேண்டாம். புள்ளிகளை எழுதி வைக்கவும் வேண்டாம். துளைகள் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். கூடுகின்றன என்றால் உடம்பு ஒரே மாதிரி நிற்கப் பழகுகிறது என்று பொருள்.

ஈயத்தைப் பற்றி நம் சுடுதளங்களில் போதுமான அளவு பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். பெல்லட்டைத் தொட்ட விரலில் ஈயம் ஒட்டும், இலக்குப் பெட்டியருகே தூசியாகவும் இருக்கும். வளரும் மூளைக்கு ஈயம் கேடு. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒருநாளும் கூடாது. சுடும் இடத்தில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் ஈயத்தை நீக்காது. வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிவிட்டுப் பிறகுதான் சின்னத் தம்பியைத் தூக்கலாம். தெறிப்பிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடியும், உள்ளரங்கில் காதடைப்பும் தொடக்கத்திலிருந்தே பழகட்டும். .22க்குப் போகும்போது காதடைப்பு கட்டாயம்.

எட்டாவது: 'இன்னும் இல்லை' என்று எப்படிச் சொல்வது

தாமதமானால் வாய்ப்பு போய்விடும் என்ற பதற்றம் பெற்றோருக்கு வரும். மனு பாக்கர் குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் எல்லாம் ஆடிவிட்டு 14 வயதில்தான் துப்பாக்கியை எடுத்தார், 16 வயதில் காமன்வெல்த் தங்கம் வென்றார். பாரிஸில் பெண்கள் ஏர் ரைஃபிள் தங்கத்தை 16 வயதில் வென்ற தென்கொரியாவின் பான் ஹியோஜின் தொடங்கியது 2021இல். அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு. ஆகவே 11 வயதுப் பிள்ளையை இரண்டு ஆண்டு காக்க வைப்பதில் நட்டம் ஏதுமில்லை.

ஆனால் 'பெரியவனானதும் பார்க்கலாம்' என்று மழுப்பினால் பிள்ளை அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். காரணத்தைச் சொல்லுங்கள், அது மாற்றிக்கொள்ளக் கூடிய காரணமாக இருக்கட்டும். நான் மகனிடம் சொன்னது இதுதான்: "வண்டி வருதுன்னா நீ நிக்கணும். நின்னா சேர்க்கிறேன்." அக்காவோடு அவனையும் சுடுதளத்துக்கு அழைத்துப் போனேன். அவள் சுட்ட அட்டைகளைச் சேகரித்துத் தேதி எழுதும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன், கோட்டுக்குப் பின்னால் இருந்தபடி. வீட்டில் இருவரும் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கும் போட்டி வைத்துக்கொண்டார்கள். நிலையாக நிற்பதற்கு அதைவிட நல்ல, செலவில்லாத பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசினோம். இரண்டாவது ஆண்டில் அவனே, "இன்னும் வேணாம்மா, நேத்துகூடக் கை போயிடுச்சு" என்றான். பின்னாளில் அவன் சேர்ந்தபோது பயிற்சியாளர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.